இளமையும் மதுவும்

பனையிலிருந்து இறங்குஞ் சாறு ஒன்றே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அது கருப்பநீராகக் கிடைக்கின்றது, காய்ச்சினாற் பனங்கட்டியாகின்றது. சுண்ணாம்பு தடவாத முட்டியிலோ, மதுவம் என்னும் நுண்ணுயிர் பெருகுதலால், அதே சாறு சில மணி நேரத்திற் புளித்துக் கள்ளாகின்றது. மரத்தின்மீதுங் குற்றமில்லை, சாற்றின்மீதுங் குற்றமில்லை. கலத்தை முன்னரே எவ்வாறு ஆயத்தஞ் செய்தனர் என்பதே வேறுபாட்டிற்குக் காரணம். இளைஞர் மதுவை நாடுவதற்குரிய காரணங்களையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் ஆராயப் புகுவோர்க்கு இவ்வுண்மை நல்லதொரு வழிகாட்டியாகும்.

கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தார். குடியானது தனியொருவனின் ஒழுக்கக்கேடு மாத்திரமன்றிச் சமுதாய வாழ்வையே குலைக்குங் கேடுமாகும் என்று கருதுதற்கு அவ்வைப்புமுறை இடந்தருகின்றது. தற்காலச் சட்டமும் இந்நோக்கிலேயே எழுந்தது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோர்க்கு மதுசாரத்தையோ புகையிலைப் பொருள்களையோ விற்றலாகாது என விதித்தது. இங்கு மாணாக்கர் சிலர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு: "பதினெட்டு வயதில் நாட்டை ஆள்வோரைத் தெரிவு செய்யும் உரிமையைத் தந்தவர்கள், மது வாங்குதற்கு இருபத்தொரு வயது வரை காத்திருக்கச் சொல்வதேன்?" இவ்வினா நேர்மையானது. ஆதலின், அதற்கு அதட்டலன்றி விளக்கமே விடையாதல் வேண்டும்.

விடை மூளையின் வளர்ச்சியில் இருக்கின்றது. உடல் உயரத்தால் வளர்ந்துவிட்டதைக் கொண்டு மூளையும் வளர்ந்துவிட்டது எனல் பொருந்தாது. இன்பத்தையும் புதுமையையும் நாடத் தூண்டும் பகுதிகள் கட்டிளமைப் பருவத்திலே விரைந்து செயற்படத் தொடங்குகின்றன. விளைவை எண்ணிப் பார்த்து, "இது வேண்டாம்" என நிறுத்தும் ஆற்றலுக்குரிய முன்பகுதியோ ஏறக்குறைய 25 வயதளவிலேயே முதிர்ச்சி பெறுகின்றது. மதுசாரம் முதலிற் தளர்த்துவது இந்நிறுத்தும் ஆற்றலையே. முதிர்ந்தவனிடத்தும் அது தீங்கு செய்யும்; முதிராதவனிடத்திலோ, கட்டி முடியாத சுவரை இடிப்பது போலாகும். கற்றதை நினைவிற் பதியவைக்கும் பகுதியும் மதுசாரத்தால் எளிதிற் தாக்கப்படுவதாகும். ஆகவே மாணாக்கன் ஒருவன் இழப்பது ஓர் இரவின் நிதானத்தை மாத்திரம் அன்று. கற்கும் ஆற்றலின் ஒரு கூறும் அதனோடு போகின்றது.

உடனே நேருந் தீங்குகளும் சிறியன அல்ல. அருந்திய மதுசாரம் இரைப்பையாலும் சிறுகுடலாலும் உறிஞ்சப்பட்டுக் குருதியிற் கலக்கின்றது. ஈரல் அதனைச் சிறிது சிறிதாகவே மாற்றி வெளியேற்றவல்லது. தேசிக்காய்ச் சாறும் மோரும் கோப்பியும் அவ்வேகத்தைக் கூட்டமாட்டா; தலையில் வார்க்குந் தண்ணீரும் கூட்டமாட்டாது. இளையோர் பெரும்பாலும் ஒளித்துக் குடிப்பர். ஒளித்துக் குடிப்போர் விரைந்து குடிப்பர். குடித்து முடித்த பின்னரும் குருதியில் மதுசாரத்தின் அளவு சிறிது நேரம் ஏறிக்கொண்டே செல்லும். அளவு மிகுந்தால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதியே மந்தமடையும். வாந்தி மூச்சுக்குழலை அடைத்தலும் உண்டு. "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று தோழனைத் தனியே கிடத்திச் செல்வது இதனாலேயே பேராபத்தானது. எழுப்பியும் எழாதவனை ஒருக்களித்துக் கிடத்தி, அருகிலிருந்து, 1990 என்னும் அவசர ஊர்திச் சேவையை உடனே அழைத்தல் வேண்டும். தண்டனைக்கு அஞ்சி உதவி தேடத் தாமதித்தல் உயிருக்கே உலைவைக்கும். கசிப்பு முதலிய கள்ளச் சாராயங்களில் மெதனோல் கலந்திருப்பின் பார்வை பறிபோதலும் உயிரிழத்தலும் நேரும்.

நாட்பட்ட தீங்கு வேறு. மதுபானத்தைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாந் தொகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 ஆம் ஆண்டிலேயே சேர்த்தது. அமெரிக்காவில் கிரான்ற், டோசன் என்னும் ஆய்வாளர் இருவர் 1997 இல் வெளியிட்ட ஆய்வொன்று, குடிக்கத் தொடங்கிய வயதையும் பின்னர் அதற்கு அடிமையானமையையும் ஒப்பிட்டது. 15 வயதை எட்டுமுன் தொடங்கியோருள் 100 இல் ஏறக்குறைய 40 பேர் வாழ்நாளில் ஒருகாலத்தில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியோருள் அத்தொகை 10 அளவினதே. குடும்பச் சூழல் முதலிய பிற காரணங்களும் இவ்வேறுபாட்டிற் கலந்திருத்தல் கூடும். எனினும், தொடக்கத்தைப் பிற்போடுதல் வீண்முயற்சி அன்று என்பது இதனால் விளங்கும்.

இனி, தடுக்கும் வழி யாது? "குடியாதே" என்று மேடையில் முழங்குதலும், கெட்ட ஈரலின் படத்தைக் காட்டி அச்சுறுத்தலும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்த முறைகள். அவை தம்மளவிற் போதுமானவை அல்ல. முப்பது ஆண்டுக்குப் பின் வரும் நோய் பதினாறு வயதினனை அச்சுறுத்துவது அரிது. அவனை அசைப்பது அன்றைய மாலைப்பொழுதும் அவனைச் சூழ்ந்துள்ளோருமே. சட்டமுந் தனியே நின்று பயன் தருவதில்லை. இதற்கு நல்லதொரு சான்று, வட அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள ஐஸ்லாந்து என்னுஞ் சிறுநாடு.

1998 ஆம் ஆண்டில் அங்கு 15, 16 வயது மாணாக்கரிடம் வினாத்தாள் கொடுத்து ஆராய்ந்தபோது, 100 இல் 42 பேர் முந்திய ஒரு மாதத்துள் வெறிகொள்ளக் குடித்ததாகத் தாமே தெரிவித்தனர். அக்காலத்திலும் 20 வயதுக்குக் குறைந்தோர்க்கு மது விற்றல் அந்நாட்டிற் குற்றமே என்பது கருதத்தக்கது. சட்டம் இருந்தது, குடியும் இருந்தது. ஆய்வாளர் குடிப்போரை மாத்திரமன்றிக் குடியாதோரையும் நோக்கினர். ஒழுங்கான விளையாட்டிலோ கலைப்பயிற்சியிலோ ஈடுபடுதல், பெற்றாரோடு நேரங் கழித்தல், பாடசாலையில் தன்மேற் கரிசனை கொள்வோர் உளர் என உணர்தல், இரவில் வெளியே திரியாதிருத்தல் என்னும் இவை குடியாதோரிடத்து மிகுதியாகக் காணப்பட்டன.

அதற்கேற்பவே செயலும் அமைந்தது. பெற்றார் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு, பிள்ளைகளுக்கு மது வாங்கிக் கொடுப்பதில்லை என உறுதி பூண்டனர். மாலைவேளைகளில் முறைவைத்துத் தெருக்களில் உலாவி வந்தனர். மாரிகாலத்தில் 13 முதல் 16 வயது வரையுள்ளோர் இரவு பத்து மணிக்குப் பின் பெரியோர் துணையின்றி வெளியே நிற்றலாகாது எனச் சட்டமும் வரையறுத்தது. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசும் நகரசபைகளும் பணம் ஒதுக்கின. தலைநகராகிய ரெய்க்யவிக்கில் 2007 முதல் ஒவ்வொரு பிள்ளையின் பயிற்சிக் கட்டணத்துக்கும் ஆண்டுதோறும் உதவி வழங்கப்பட்டது. ஆய்வு முடிவுகள் ஏட்டில் உறங்காது, அந்தந்தப் பாடசாலைக்கும் ஊருக்கும் விரைவிலே தெரிவிக்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டில் முன்னைய 42 என்னுந் தொகை 5 ஆகக் குறைந்தது.

குளிர்நாட்டின் முறை யாவும் வெப்பநாட்டிற் பொருந்தும் எனக் கொள்ளல் தகாது. ஆயினும் அதன் உட்பொருள் எந்நாட்டுக்கும் உரியது. யாழ்ப்பாணத்து மாணாக்கர் பலரின் மாலைப்பொழுதைத் தனியார் வகுப்புகள் கொள்ளை கொள்கின்றன. மைதானம் வெறிதாகின்றது, பிள்ளை வீடு திரும்பும்போது உணவோடு உறக்கமே எஞ்சுகின்றது. களைப்பும் தனிமையும் தோல்வியச்சமும் உள்ள மனத்துக்கு ஆறுதல் வேண்டும். நல்ல ஆறுதலைக் கொடாத சமுதாயம், அவன் தீய ஆறுதலைத் தேடினான் எனக் கடிந்துகொள்ளுதல் நீதியன்று. ஒரு மணி நேரப் பந்தாட்டமும் ஒரு மணி நேர மிருதங்கப் பயிற்சியும் படிப்புக்குப் பகையல்ல, அதற்கு அரணேயாம்.

பெற்றாரின் பொறுப்பு இன்னும் பெரிது. தந்தை தன் மகனையே கடைக்கனுப்பிப் போத்தல் வாங்குவிக்க முயல்வதும், கலியாண வீட்டில் "ஆண்பிள்ளைதானே, ஒருவாய் குடிக்கட்டும்" என உறவினர் நகைத்துக் கொடுப்பதும், துடுப்பாட்டப் பெரும்போட்டி நாளிலே பழைய மாணவர் சிலர் குடித்துக் கூத்தாடுவதும் ஆயிரம் அறிவுரைகளை அழித்துவிடும். குடித்த பிள்ளையை ஊரறிய அவமதித்துப் பாடசாலையினின்று விலக்குவதும் மருந்தன்று. விலக்கப்பட்டவனுக்குத் தவறணை வாயிலே எஞ்சிய வாயிலாகும். காரணத்தை வினவி, வேண்டின் மருத்துவரிடமும் உளவளத்துணையாளரிடமும் அழைத்துச் செல்வதே ஆசிரியர்க்கும் பெற்றார்க்கும் உரிய கடன். மாணாக்கர்க்கும் ஒரு கடன் உண்டு. தோழன் நீட்டுங் கிண்ணத்தை மறுப்பவனை நகையாதிருத்தலே அது. மறுப்பவன் ஒருவன் தனித்து நிற்பின் தளர்வான்; இருவர் நின்றால் அது வழக்கமாகும்.

சாறு இறங்கத் தொடங்கிய பின் முட்டிக்குச் சுண்ணாம்பு தேடுவார் எவருமிலர். மரமேறுமுன்னரே அது தடவப்பட்டிருக்கும். வீடும் பாடசாலையும் ஊருமாகிய கலத்தை முன்னதாகவே ஆயத்தஞ் செய்வோமாயின், இளமை என்னும் இன்சாறு புளியாது நிற்கும்.