பாப்பா என்றால் யார்?

"பாப்பா" என்றதும் நம் இல்லங்களில் தொட்டிலில் துயிலும் குழந்தையே நினைவுக்கு வரும். அதே ஒலியை மாஸ்கோ நகரில் ஒரு சிறுமி எழுப்பினால், திரும்பிப் பார்ப்பவர் அவளுடைய தகப்பனார். உரோமை நகரில் அது திருத்தந்தையைக் குறிக்கும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுச் சந்தையிலோ, "பாப்பா" என்று கேட்டால் உருளைக்கிழங்கை அள்ளித் தருவார்கள்! ஓர் ஒலிக்கு இத்தனை பொருள்கள் அமைந்தது எங்ஙனம்? இவை யாவும் ஒரே வேரில் கிளைத்தவைதாமா?

வினா விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், இரு மொழிகளின் சொற்கள் ஒத்து ஒலித்தால், "இங்கிருந்தே அங்குச் சென்றது" என உடனே தீர்ப்பளிக்கும் வழக்கம் நம்மிடையே மலிந்துள்ளது. மேடைகளில் மட்டுமன்றிப் பிரசங்கங்களிலும் இதனைக் கேட்கிறோம். செவிக்கு இனியதெல்லாம் உண்மையாகிவிடுமா? சற்றே ஆராய்வோம்.

மழலையின் கொடை

தந்தையைக் குறிக்கும் "பாப்பா" மிகத் தொன்மையானது. கிரேக்கப் பெருங்கவிஞர் ஓமரின் "ஒதீசி" காவியத்தில், 6ஆம் காண்டத்தில், துணி வெளுக்கச் செல்வதற்கு வண்டி வேண்டும் இளவரசி நவுசிக்கா, மன்னனாகிய தன் தந்தையை இச்சொல்லால்தான் செல்லமாக அழைக்கிறாள். கிரேக்கத்தினின்று அது இலத்தீனுக்கு வந்தது.

எனினும், உலகெங்கும் பிள்ளைகள் பாப்பா, பாபா, அப்பா என அழைப்பதற்குக் கடன் வாங்கியதே காரணம் என்று எண்ணுதல் தவறு. மர்டாக் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், தாய் தந்தையரைக் குறிக்கும் 1,072 சொற்களைப் பல மொழிகளிலிருந்து திரட்டினார். அத்திரட்டை ஆராய்ந்த மொழியியல் மேதை உரோமன் யாக்கப்சன் தந்த விளக்கம் எளிமையானது. குழந்தையின் வாய்க்கு முதலில் வசப்படுபவை இதழ்களை மூடித் திறந்தால் எழும் ப, ம போன்ற ஒலிகளே. குழந்தை பொருளின்றி ஒலிக்கிறது. பெரியோர் அதற்குப் பொருள் தந்து மகிழ்கின்றனர்.

எப்பொருளைத் தருவது என்பது அந்தந்த நாட்டினர் விருப்பம். ஜார்ஜியா நாட்டில் "மாமா" என்றால் தந்தை. தாய்க்குத் "தேதா" என்று பெயர். அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் தம் குருக்களையும் "மாமாவோ" என்றே மரியாதையுடன் விளிக்கின்றனர். நம் ஊரிலோ, மாமா என்பவர் தாயின் உடன்பிறந்தவர் ஆயிற்றே!

ஆயரும் கிழங்கும்

இம்மழலைச் சொல் திருச்சபைக்குள்ளும் புகுந்தது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயரும், 258ஆம் ஆண்டில் மறைசாட்சியாக உயிர்நீத்த கார்த்தேஜ் நகரின் ஆயர் புனித சிப்பிரியானும் "பாப்பா" என அழைக்கப்பெற்றனர். மேலைத் திருச்சபையில் காலப்போக்கில் அது உரோமை ஆயருக்கே உரிய பட்டமாயிற்று. கோப்து திருச்சபையின் தலைவரோ இன்றும் அப்பட்டத்தைத் தாங்கியுள்ளார். நம் முன்னோர் வழங்கிய பாப்பரசர், பாப்பாண்டவர் ஆகிய சொற்களில் இருப்பதும் இந்த இலத்தீன் பாப்பாவே. தொட்டிற் பாப்பா அன்று.

உருளைக்கிழங்கோ இக்குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆந்திஸ் மலைநாட்டுக் கெச்சுவா மக்கள் தம் கிழங்கிற்கு இட்ட பெயர் "பாப்பா". 1532ஆம் ஆண்டில் பெருவைக் கைப்பற்றப் புகுந்த இஸ்பானியர் அப்பெயரை ஏற்றனர். ஆதலின், தென் அமெரிக்காவின் இஸ்பானிய மொழியில் ஆண்பாற் "பாப்பா" திருத்தந்தை. பெண்பாற் "பாப்பா" உருளைக்கிழங்கு. ஈற்றெழுத்தை அழுத்தி உரைத்தால் அப்பா! நியூசிலாந்தின் மவோரி மக்களுக்கோ "பாப்பா" என்பது நிலம். அவர்தம் தொல்கதையில் வானம் தந்தை. பாப்பாவாகிய பூமி தாய்.

தொலைவில் செல்வானேன்? தெலுங்கில் "பாப" என்றால் குழந்தை. வடமொழியில் அதே ஒலி தீவினையைக் குறிக்கும். நாம் "பாவம்" என்பது அதனையே. ஓசையை மட்டும் நம்பினால், மாசற்ற மழலையையும் பாவத்தையும் உறவாக்க நேரிடும் அன்றோ? மொழிகளின் உறவை ஒரு சொல் நிறுவாது. பல நூறு சொற்களில் ஒழுங்காக நிகழும் ஒலிமாற்றங்களும், அவை பயணம் செய்த வரலாற்றுப் பாதையுமே அதற்குச் சான்று. தமிழின் பெருமைக்கு அதன் இலக்கியமும் இலக்கணமுமே போதும். போலிச் சான்றுகள் அதற்கு வேண்டியதில்லை.

கண்ணுள் ஒரு பாவை

அப்படியாயின், மொழிகளுக்கிடையே நம்மை வியக்கவைக்கும் ஒற்றுமை எதுவுமே இல்லையா? உண்டு. அது ஒலியில் அன்று, நோக்கில் இருக்கிறது.

தமிழில் பாப்பா என்பதற்குக் கண்மணி என்றும் பொருளுண்டு. பாவை என்னும் சொல்லும் பொம்மையையும் கண்ணின் கருமணியையும் ஒருங்கே குறிக்கும். இலத்தீனில் கண்மணிக்குப் "புப்பில்லா" என்று பெயர். சிறுமி என்பது அதன் பொருள். இணைச்சட்ட நூலின் 32ஆம் அதிகாரத்தில், இறைவன் தம் மக்களைக் கண்மணியெனக் காத்ததைக் கூறுமிடத்தில் வரும் எபிரேயச் சொல் "ஈஷோன்"; கண்ணுள் தெரியும் சிறு மனிதன் என அதற்கு விளக்கம் கூறுவர். இவர்கள் தனித்தனி நாட்டினர், வெவ்வேறு மொழியினர். ஆயினும், அன்புக்குரியவரின் கண்ணை அருகிருந்து நோக்கியபோது, உள்ளே ஒரு சிற்றுருவைக் கண்டனர். அதனைக் கொண்டே கண்மணிக்குப் பெயரும் சூட்டினர்.

இன்று மாலை உங்கள் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விழிகளை உற்றுநோக்குங்கள். பாப்பாவின் கண்ணுக்குள் ஒரு பாப்பா தெரியும். அது வேறு யாருமல்லர், நீங்களே.