நர்ஸ் கல்வியும் கம்ப்யூட்டரும்

நர்ஸ் தொழிலுக்குப் பயிலும் மாணவி தன் முதல் தவற்றை எங்கே செய்ய வேண்டும்? நோயாளியின் கட்டிலருகிலா, பயிற்சி அறையிலா? இதற்கு விடை கூற வைத்திய சாஸ்திரம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும் பயிற்சி அறையில் போதிய சாதனமில்லாத கல்லூரி, நோயாளியைக் கொண்டே அப்பாடத்தைக் கற்பிக்கிறது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு லிட்டர் உப்பு நீரை எட்டு மணி நேரத்தில் ஏற்றும்படி டாக்டர் எழுதுகிறார். மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயானால் நிமிஷத்துக்குச் சுமார் 42 துளி; 60 துளி விழும் சிறு குழாயானால் 125 துளி. இரண்டையும் மயங்கி, பெரிய குழாயில் 125 துளி வீதம் ஓடவிட்டால், எட்டு மணி நேரத்து நீர் மூன்று மணிக்குள் ஏறிவிடும். இருதயம் பலவீனமான முதியவருக்கு அது பிராணாபத்து. இக்கணக்கையும், மருந்துச் சீட்டைப் படிப்பதையும், கொடுத்த மருந்தைப் பதிவதையும் சாதாரணக் கம்ப்யூட்டரில் நூறு தடவை செய்து பழகலாம். தவறினால் ஒருவருக்கும் தீங்கில்லை.

பணத்துக்கு எங்கே போவதென்று நிர்வாகிகள் கேட்பர். மூச்சுவிடும் பொம்மைகளுக்குப் பெருந்தொகை வேண்டுமென்பது மெய்தான். நாம் கேட்பது அதுவன்று. 2004-ம் வருஷம் தொடங்கிய 'ஓப்பன் எம்.ஆர்.எஸ்.' என்னும் நோயாளிப் பதிவு முறை, கென்யா போன்ற வசதி குறைந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளை உத்தேசித்தே அமைந்தது. அதன்மேல் எழுந்த 'பஹ்ம்னி', சத்தீஸ்கரில் பிலாஸ்பூரை அடுத்த கனியாரி என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரித் தேவையிலிருந்து பிறந்தது. இரண்டையும் விலையின்றிப் பெறலாம், பிரதி செய்யலாம், தமிழாக்கலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலத்தையும் வழங்க வேண்டுமென லைசென்ஸ் விதிக்கிறது. வக்கீல் தொழில் பயின்ற நமக்கு இவ்வளவு நியாயமான ஒப்பந்தம் அடிக்கடி கண்ணில் படுவதில்லை! பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றை ஓரறையில் இணைத்தாற் போதும், இண்டர்நெட்டும் அவசியமில்லை. பயிற்சிக்கான நோயாளிகள் மட்டும் கற்பனையாக இருக்கட்டும். மெய்யான நோயாளியின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி வகுப்பில் விரிப்பது முறையன்று. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023-ல் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 10 நர்ஸ் கல்லூரிகளில் நடந்து 2014-ல் வெளிவந்த ஆராய்ச்சி, ஆஸ்பத்திரிப் பயிற்சியில் பாதி வரை பாவனைப் பயிற்சியாக மாற்றினும் தேர்ச்சி குறையவில்லையெனக் கண்டது. போதிய ஆஸ்பத்திரி வசதியில்லாத கல்லூரிகள் இதைக் காட்டித் தப்ப முயலக்கூடும். அவ்வாராய்ச்சியிலோ மாணவிகள் பாதியாவது நோயாளிகளிடம் நேரில் பயின்றனர். பாவனைப் பயிற்சி நடத்திய ஆசிரியர்களும் அதற்கெனத் தயார் செய்யப்பட்டவர்கள். நாடியைத் திரையில் தொட்டறிய முடியாது. கம்ப்யூட்டரைச் சாக்காக்கி ஆஸ்பத்திரியை ஒழிப்பதை நாம் வன்மையாகக் கண்டிப்போம்.

இந்திய நர்ஸிங் கவுன்ஸிலின் 2021-ம் வருஷப் பாடத்திட்டத்தில் சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் தனிப் பாடமாயிற்று. அது நெட்டுருச் செய்து எழுதித் தேறும் பாடமாகிவிடக் கூடாது. பரீட்சையில் மாணவியைக் கம்ப்யூட்டர் முன் அமர்த்தி, ஒரு கற்பனை நோயாளியின் மருந்துச் சீட்டைத் தந்து, துளிக் கணக்கையும் பதிவையும் செய்யச் சொல்ல வேண்டும். தமிழில் படித்து வந்தவர்களுக்குத் திரையில் தமிழும் வேண்டும். 1946-லேயே வேலூரில் நர்ஸ் பட்டப் படிப்பைக் கண்ட தமிழ்நாட்டுக்கு இது அசாத்தியமன்று. வருகிற கல்வியாண்டிலேயே சர்க்கார் கல்லூரிகளில் இதைத் தொடங்குமாறு சுகாதார மந்திரியைக் கேட்டுக்கொள்கிறோம்.