சிக்னல் கண்ணில் படுகிறதா?

டிரைவரின் கண்ணை விடாமல் பரிசோதிக்கும் ரயில்வே, சிக்னல் நிற்கும் இடத்தையும் அதே கறாருடன் பரிசோதிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதி கோயில் வாசலில் தேங்காய் உடையும் சத்தம் ஓய்வதே இல்லை. போகும் காரியத்தில் தடங்கல் வரக்கூடாது என்பது வேண்டுதல். அங்கிருந்து எம்.ஜி. ரோட்டில் சில நிமிடம் நடந்தால் ஓவர்பிரிட்ஜ். கீழே தண்டவாளங்கள். பக்கத்திலேயே தம்பானூர் சென்ட்ரல் ஸ்டேஷன். நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் ரயிலேறும் தமிழர்களுக்கு நன்கு பழகிய இடம். இங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரயிலும், பயணிகள் ஏறிட்டும் பார்க்காத ஒன்றை நம்பித்தான் ஓடுகிறது: கம்பத்தில் எரியும் ஒரு விளக்கு.

அந்த விளக்கு சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்பது ஒரு கேள்வி. அது டிரைவரின் கண்ணில் எப்போது படுகிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைப் பற்றி ஏராளமான விதிகள், விசாரணைகள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சு எழுவது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான்.

கணக்கு எளிது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் ஒரு வினாடியில் சுமார் 30 மீட்டர் கடக்கிறது. வண்ண விளக்கு சிக்னல்கள் உள்ள தடத்தில், ரயிலை நிறுத்தும் சிக்னல் குறைந்தது 200 மீட்டர் தொலைவிலிருந்தும், அதற்கு முன்னறிவிப்பு தரும் டிஸ்டன்ட் சிக்னல் 400 மீட்டர் தொலைவிலிருந்தும் தெரிய வேண்டும் என்கிறது விதி. 200 மீட்டர் என்றால் ஆறரை வினாடி. 400 என்றால் 13 வினாடி. அதற்குள் டிரைவர் விளக்கைப் பார்க்க வேண்டும். அது தன் தடத்துக்கு உரியதுதானா என்று தெளிய வேண்டும். நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். உதவியாளர் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். கை பிரேக்குக்குப் போக வேண்டும். முழு வேகத்தில் வரும் ரயிலை 200 மீட்டரில் நிறுத்த யாராலும் முடியாது. அதனால்தான் முக்கியத் தடங்களில் சுமார் 1 கி.மீ. முன்பும் 2 கி.மீ. முன்பும் இரண்டு டிஸ்டன்ட் சிக்னல்கள். அவை கண்ணில் படாவிட்டால் கணக்கு மொத்தமும் தப்பிவிடும்.

மறைப்பது எது?

கேரளத்துத் தடத்தில் மறைப்புக்குப் பஞ்சமில்லை. 1918-ல் கொல்லத்திலிருந்து வந்த மீட்டர்கேஜ் ரயில், சாக்கை பக்கம் வந்து நின்றது. 1931-ல் தம்பானூருக்கு நீண்டது. 1976-ல் அகலப்பாதை வந்தது. அப்புறம் இரட்டைத் தடம், அதற்கும் அப்புறம் மின்சாரம். ஒவ்வொரு மாற்றமும் வசதியைக் கூட்டியது. கூடவே டிரைவரின் கண்ணுக்கும் சிக்னலுக்கும் நடுவே ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்தது. வளைவில் வரிசையாக நிற்கும் மின்கம்பங்கள், பிளாட்பாரக் கூரை, நடைமேம்பாலம், ஒரு மழைக்காலத்தில் தழைத்துவிடும் மரக்கிளை என்று பட்டியல் நீளும். இரட்டைத் தடத்தில் பக்கத்துத் தடத்தின் பச்சை, வளைவில் தன் தடத்தின் பச்சை போலத் தோன்றும் ஆபத்தும் உண்டு. மாலையில் கொல்லம் நோக்கி வடமேற்கே போகும் ரயிலுக்கு எதிர்வெயில். இடவப்பாதியில் கண்ணாடி முழுக்க மழை.

கைகாட்டி மரங்கள் இருந்த காலத்தில் மட்டும் எல்லாம் சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. நீராவி இன்ஜினில் டிரைவருக்கு முன்னால் இருந்தது பாய்லர். பக்கவாட்டில் தலையை நீட்டித்தான் கைகாட்டியைத் தேட வேண்டும். பிறகு வந்த டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினை நீண்ட பக்கம் முன்னே இருக்கும்படி ஓட்டும்போதும் அதே கதைதான். அன்று வேகம் குறைவு, ரயில்களும் குறைவு.

இதற்கெல்லாம் ஏற்பாடு இல்லாமல் இல்லை. சிக்னல், போக்குவரத்து, லோகோ பிரிவுகளின் இன்ஸ்பெக்டர்கள் சேர்ந்த ஒரு குழு, கம்பம் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சான்று தர வேண்டும். வழக்கமாக சிக்னல் தடத்தின் இடப்பக்கம் நிற்கும். அங்கிருந்து தெரியாது என்றால் அனுமதி பெற்று வலப்பக்கம் வைத்து, எந்தத் தடத்துக்கு உரியது என்று அம்புக்குறி போடுவார்கள். மறைப்பு இருந்தால் அதே சிக்னலைத் திருப்பிக் காட்டும் ரிப்பீட்டர் வைக்கலாம். எதுவும் முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். டிரைவரும் ஒரு தடத்தில் ரயில் ஓட்டுவதற்கு முன் இரவுப் பயணம் உட்பட அங்கே பலமுறை போய் வந்து தடத்தைப் படிக்க வேண்டும். எந்த வளைவில் எந்தக் கம்பம் என்பது அவருக்கு மனப்பாடம்.

அந்த மனப்பாடமே ஒரு குறையை மறைத்துவிடுகிறது. இடம் சரியில்லாத சிக்னலை அனுபவசாலி டிரைவர் நினைவை வைத்துச் சமாளித்துவிடுகிறார். ஆயிரம் முறை எதுவும் நடப்பதில்லை. ஆயிரத்து ஓராவது முறை புதியவர் ஒருவர் வருகிறார். அல்லது பழையவர் தூக்கம் கெட்டு வருகிறார்.

எட்டு முறை எச்சரித்த கம்பம்

லண்டனில் நடந்தது இதுதான். 1999 அக்டோபர் 5 காலை, பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய ஒரு ரயில், லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் எஸ்.என்.109 என்ற சிக்னலின் சிவப்பைத் தாண்டி, எதிரே வந்த எக்ஸ்பிரஸ் மீது மோதியது. இரண்டு டிரைவர்களும் சேர்த்து 31 பேர் இறந்தனர். சிவப்பைத் தாண்டிய டிரைவர் தேர்ச்சி பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர் மீது பழியைப் போட்டுக் கோப்பை மூடியிருக்கலாம்.

லார்ட் கல்லன் தலைமையில் நடந்த விசாரணை வேறு விஷயங்களைத் தோண்டியெடுத்தது. மின்மயமாக்கலுக்காகக் கட்டப்பட்ட கம்பிகளும் சாதனங்களும் அந்த சிக்னலைப் பாதி மறைத்தன. அதன் விளக்குகள் அமைந்த விதமும் வழக்கத்துக்கு மாறானது. அன்று காலை வெயில் அதன் முகத்தில் அடித்தது. எல்லாவற்றையும் விட முக்கியம்: அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை அதே சிக்னலை டிரைவர்கள் சிவப்பில் தாண்டியிருந்தார்கள். எட்டு பேருமா கண் தெரியாதவர்கள் என்று கேட்டிருந்தால் போதும், கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. ரயிலை ஓட்டிய நிறுவனத்துக்கு 2004-ல் 20 லட்சம் பவுண்டும், தடத்துக்குப் பொறுப்பான நெட்வொர்க் ரெயிலுக்கு 2007-ல் 40 லட்சம் பவுண்டும் அபராதம் விழுந்தது.

முதலில் யார் மீது பழி?

இங்கே பழி போடும் வேகம் அதிகம். 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்கபாணி அருகே, நின்றிருந்த கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதி 10 பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் டிரைவரும் அதில் ஒருவர். அவர் சிக்னலை மதிக்கவில்லை என்று அன்றே சொன்னது ரயில்வே வாரியம். பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வந்த படம் வேறு. அதிகாலையிலிருந்து தானியங்கி சிக்னல்கள் பழுது. சிவப்புகளைத் தாண்டிப் போகலாம் என்று டிரைவர்களின் கையில் தரப்பட்டது சூழ்நிலைக்குப் பொருந்தாத படிவம். எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இல்லை. அன்று அந்தப் பகுதிக்குள் போன ரயில்களில், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று மெதுவாகப் போகும் விதியைப் பின்பற்றியது கஞ்சன்ஜங்கா மட்டுமே. ஒருவர் தவறினால் அலட்சியம் எனலாம். ஏறக்குறைய எல்லோருமே தவறினால், பயிற்சியில் ஓட்டை என்றுதான் அர்த்தம். இந்த விபத்து நடக்கக் காத்திருந்தது என்ற முடிவுக்கே ஆணையர் வந்தார்.

டிரைவர்களிடம் ரயில்வே காட்டும் கண்டிப்பில் குறையில்லை. வேலையில் சேரும்போது கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வை வேண்டும். நிறப்பார்வை சோதனை தனி. 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும் பரிசோதனை. சிவப்பைத் தாண்டினால் தண்டனை வேலைநீக்கம் வரை போகும். பதிலுக்கு அவர்கள் கேட்பது, பார்ப்பதற்குத் தெளிவான சிக்னலும் பார்ப்பதற்குத் தெம்பான கண்ணும். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் நடத்திய போராட்டத்தின் மையக் கோரிக்கையே ஓய்வுதான்: வழக்கமான 16 மணி நேர ஓய்வோடு வாராந்திர ஓய்வு 30 மணி நேரத்தையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்றார்கள்.

'கவச்' வந்தால் தீருமா?

தண்டவாளத்தில் பதித்த அடையாள வில்லைகள், ரேடியோ தொடர்பு மூலம் வரப்போகும் சிக்னலின் நிலையை இன்ஜினுக்குள்ளேயே காட்டி, டிரைவர் பிரேக் போடத் தவறினால் தானே போடும் 'கவச்' கருவி, 2020-ல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது. வளைவும் மழையும் வெயிலும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் 2024-ல் அது இயங்கியது தென்மத்திய ரயில்வேயில் 1,465 கி.மீ. தடத்தில்தான். நாட்டின் மொத்த ரயில் தடமோ 68,000 கி.மீ.க்கும் மேல். கருவி எல்லா இடத்துக்கும் வந்து சேரும்வரை, கம்பத்து விளக்குதான் துணை.

அதுவரை செய்யக்கூடியவற்றுக்கு அதிகம் செலவில்லை. புதுக் கம்பமோ கூரையோ வந்தால் அந்த வாரமே சிக்னல் தெரிகிறதா என்று இன்ஜினிலிருந்தே, பகலிலும் இரவிலும் பார்க்கலாம். பணி முடிந்து லாபியில் கையெழுத்துப் போடும் டிரைவர், இன்ன கம்பம் தெரியவில்லை என்று எழுதினால், என்ன செய்தோம் என்று அவருக்கே பதில் தரலாம். ஒரே சிக்னலை இரண்டாவது டிரைவரும் சிவப்பில் தாண்டினால், ஆளை விசாரிப்பதற்கு முன்னால் கம்பத்தை விசாரிக்கலாம். மரக்கிளையை வெட்ட ஓர் அரிவாள் போதும்.