உங்களுக்குத் தெரியுமா? நெற்றித் தோலில் முளைத்த மூக்கு

திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி, பிடிபட்டு மூக்கறுபட்டார். புனே பக்கம் பரம்பரை வைத்தியர் ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டி நெற்றியில் பரப்பி, சுற்றிலும் கோடு வரைந்தார். கோட்டுக்குள் இருந்த தோலை உரித்து, புருவ நடுவில் மட்டும் ஒட்டியிருக்க விட்டு, முறுக்கிக் கீழிறக்கிப் பொருத்தினார். அந்தச் சிறு ஒட்டுதான் உயிர்நாடி. அதன் வழியே ரத்தம் ஓடியதால் தோல் அழுகவில்லை. தையல் கிடையாது, நீரில் குழைத்த காசுக்கட்டிதான் பசை. மயக்க மருந்தும் இல்லாத காலம். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது!

1794-இல் இச்செய்தி லண்டன் இதழில் வெளியானது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-இல் அங்கே இதே சிகிச்சையைச் செய்தார். இன்றும் பெரிதாகச் சிதைந்த மூக்குக்கு நெற்றித் தோலே கைகொடுக்கிறது. உள்ளே தாங்க, நோயாளியின் காது அல்லது விலாக் குருத்தெலும்பு.