சாப்பாட்டு மேஜைக்குப் பாய் போடுங்கள்!

போன வருஷம் வரை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இல்லாதது சாப்பாடு ஒன்றுதான்! இஸ்திரிக்குப் போகிற துணி, பிள்ளைகளின் பை, மருந்துச் சீட்டு எல்லாம் அதன்மேல்தான். ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மூலை. மாமியாரோ சமையலறையில் தனியே.

"அழகு பண்ண ஏகப்பட்ட செலவாகுமே!" என்கிறீர்களா? மேஜையைக் காலி செய்துவிட்டு, பரணில் ஓரம் நைந்து கிடக்கும் கோரைப் பாயை இறக்குங்கள்.

ஆறடிக்கு மூன்றடிப் பாயில், நைந்ததைக் கழித்தாலும், 18 அங்குல நீளம், 12 அங்குல அகலத்தில் ஆறு தட்டு விரிப்புகள் தேறும். சாக்பீஸால் கோடு போடுங்கள். உடனே வெட்டிவிடாதீர்கள், நூல் பிரிந்து கோரை உதிர்ந்துவிடும். கோட்டின் இரு பக்கமும் தடித்த ஊசியால் நெருக்கமாகத் தையல் ஓட்டிய பிறகே வெட்ட வேண்டும். பழைய பருத்திச் சேலையிலிருந்து 2 அங்குலப் பட்டை கிழித்து, விளிம்பை மூடி மடித்துத் தையுங்கள். சேலையின் கரையை மேஜை நடுவே நீளமாக விரித்து, அதன்மேல் பித்தளைச் சொம்பில் நாலு குரோட்டன்ஸ் கிளை வையுங்கள். செலவு நூலுக்கு மட்டுமே!

விரிப்புகளை ஊற வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி அடுக்குங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

முதல் நாள் விரித்தபோது மாமியார் தடவிப் பார்த்தார். "இது நான் கொண்டு வந்த பாயில்ல?" என்றபடியே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளும் வந்தார்கள். அன்றைக்கு ரசம் இரண்டாம் தரம் வைக்க வேண்டியதாயிற்று!