கண்மாய்க்குப் போகும் உரம் வெங்காயத்தாமரைக்குத் தீனி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள கோம்பைப் பகுதியில் கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும். கிணறு ஊறினால்தான் தென்னையும் வாழையும் தழைக்கும். ஆனால் நிறைந்த கண்மாயை வெங்காயத்தாமரை மூடிவிட்டால் பாதி மகிழ்ச்சி போய்விடும். மடை அடைபடும். வெளிச்சமும் காற்றும் இன்றி நீருக்குள் வளரும் நல்ல செடிகள் அழியும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். இதை ஆகாயத்தாமரை என்றும் சொல்வர்.

இந்தக் களை ஏன் இப்படிப் பெருகுகிறது? இதற்கான விடை கடலோரக் காயல்களில் தெளிவாகத் தெரிகிறது.

உப்பும் சத்தும்

காயல் என்பது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் உப்பு மிகக் குறைவு. காயலில் எந்தச் செடி வளரலாம் என்பதை உப்பு முடிவு செய்கிறது. அது எவ்வளவு வளரலாம் என்பதைத் தழைச்சத்தும் மணிச்சத்தும் முடிவு செய்கின்றன. லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் உப்பு சேர்ந்தாலே வெங்காயத்தாமரை மடிந்துவிடும். கடற்புற்களோ உப்பு நீரில்தான் செழிக்கும்.

இரண்டு காயல்கள்

கோம்பைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே வேம்பநாட்டுக் காயலையொட்டிய குட்டநாட்டில் நெல் விளைகிறது. முன்பு கோடையில் கடல் நீர் ஏறி வந்து, நன்னீர்க் களைகளை ஆண்டுதோறும் அழித்து வந்தது. நெற்பயிரை உப்பிலிருந்து காக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். அது 1976 முதல் செயல்பட்டு வருகிறது. பயிர் காப்பாற்றப்பட்டது. ஆனால் உப்பு வரும் வழி அடைபட்டது. வயல்களில் இட்ட உரம் வடிந்து காயலிலேயே தங்கியது. வெங்காயத்தாமரைக்கு அது விருந்தாயிற்று. படகுப் போக்குவரத்தும் மீன்பிடிப்பும் பாதிக்கப்பட்டன.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதன் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடல் நீர் வரத்துக் குறைந்து, நன்னீர்க் களைகள் பரவின. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டது. உப்பு திரும்பியது, களை பின்வாங்கியது, கடற்புல் பரவியது, மீன் வரத்துப் பெருகியது.

கண்மாய்க்கு என்ன வழி?

கடலோரத்தில் உப்பு கோம்பை நாய் போலக் காவல் நிற்கிறது. நம் கண்மாய்க்கு அந்தக் காவல் இல்லை. உப்பைக் கொட்டிக் களையை ஒழிக்கலாமே என்று எண்ணவும் கூடாது. ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழம் நிற்கும் நீர் சுமார் 40 லட்சம் லிட்டர். அதற்கு 24 டன் உப்பு வேண்டும். அந்த நீரைப் பாய்ச்சினால் களைக்கு முன் பயிர் கருகும்.

எனவே நம் கையில் உள்ள ஒரே கடிவாளம் சத்துதான். ஊர்ச் சாக்கடையைக் கண்மாயில் கலக்காமல் தடுப்பது ஊராட்சியின் பொறுப்பு. வயலிலிருந்து உரம் போகாமல் தடுப்பது விவசாயிகளின் பொறுப்பு. அதில் அவர்களுக்கு இலாபமும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதில் ஓடையில் போவதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய சத்து அல்லவா?

செய்ய வேண்டியவை

மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு உரம் மட்டுமே இட வேண்டும்.

தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். கனமழை வரும் அறிகுறி இருந்தால் அன்று உரமிடக் கூடாது.

தென்னை, வாழைக்கு வட்டப்பாத்தியில் உரமிட்டு மண்ணால் மூட வேண்டும்.

மணிச்சத்து பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டே போகும். ஆகவே சரிவு நிலங்களில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு அமைத்து, வாய்க்கால் ஓரத்தில் வெட்டிவேர் அல்லது புல் வளர்ப்பது நன்று.

எருக்குழியை ஓடைக்கரையில் வைக்கக் கூடாது.

வந்துவிட்ட களையைப் பூக்கும் முன்பே அகற்றிவிட வேண்டும். விதை விழுந்தால் பல ஆண்டுகள் சேற்றில் உயிரோடு கிடக்கும். அள்ளியதைக் கரையிலேயே போட்டால், அழுகிய சத்து அடுத்த மழையில் மீண்டும் கண்மாய்க்கே போகும். இதன் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் நீரே என்பதால் முதலில் வெயிலில் வாட விட்டு, பின் சாணத்துடன் அடுக்கி மக்க வைக்கலாம்.

கண்மாய் தின்ற உரம் இப்படியாவது வயலுக்குத் திரும்பட்டும். ஆனால் அதை வயலை விட்டுப் போக விடாமல் காப்பதே சிக்கனம்.