சுருதிப்பெட்டி ஏன் "உம்ம்ம்" என்றது?



அறிவியல் பாடத்தில் மின்மாற்றி வரும்போது "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று நம்மில் பல பேர் கேட்கிறோம். ஒரு பழைய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டிக்குள் அது என்ன வேலை செய்கிறது, அந்தப் பகுதி கெட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று இதில் எழுதியிருக்கிறேன்.

முன்பெல்லாம் நாயனக் கச்சேரியில் சுருதிக்கென்றே ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். சத்தம் அறுந்து போகாமல் ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் சுருதிப்பெட்டிதான். எங்க தாத்தா செட்டிலும் ஒத்துக்கு ஆள் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் பழசான ஒரு பெட்டிதான் அந்த ஆள்! அது திடீரென்று சுருதியோடு சேர்த்து "உம்ம்ம்" என்று உறுமத் தொடங்கியது. கடையில் காட்டினால் "போர்டு போயிடுச்சு, புதுசா வாங்கிக்கங்க" என்றார்கள். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. புதுசு வாங்கக் கையில் பணம் இல்லை.

ரேடியோ, மைக் செட் ரிப்பேர் பார்க்கும் எங்க சின்ன மாமா முதலில் பெட்டியைத் திறக்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருந்த இடத்தில் எட்டு பேட்டரி போட்டார். எட்டு தடவை 1.5 என்றால் 12 வோல்ட். உறுமல் சுத்தமாக இல்லை! "போர்டு நல்லாத்தான் இருக்கு பாப்பா. கரண்டு உள்ளே வர்ற வழியிலதான் கோளாறு" என்றார். (பேட்டரியிலேயே வாசிக்கலாமே என்று நினைப்பீர்கள். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் எட்டு பேட்டரி யார் வாங்குவது?)

அந்த வழியில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

1. மின்மாற்றி: சுவரில் வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. ஆனால் அது இன்னும் மாறுதிசை மின்சாரம்தான். நொடிக்கு 50 முறை போய் வருகிறது.

2. நான்கு டயோடுகள்: இரண்டு பக்கமும் போகும் மின்சாரத்தை ஒரே பக்கம் திருப்புகின்றன. அதனால் நொடிக்கு 100 மேடு, 100 பள்ளம். மேட்டின் உச்சி சுமார் 15.5 வோல்ட்.

3. கண்டன்சர்: புத்தகத் தமிழில் மின்தேக்கி. இது நம்ம ஊர் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் தொட்டி நிறைய இருந்தால் குழாயில் தண்ணீர் சீராக வருமே, அதுபோலப் பள்ளங்களை இது நிரப்புகிறது.

4. ரெகுலேட்டர்: மீதி ஏற்ற இறக்கத்தையும் வெட்டிச் சரியாக 12 வோல்ட் தருகிறது. ஆனால் அதற்குள் எப்போதும் 14 வோல்ட்டாவது போக வேண்டும்.

மாமா கண்டன்சரைக் கழற்றி மீட்டரில் அளந்தார். அதன் மேல் 1000 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது. மீட்டர் காட்டியது வெறும் 200. அதற்குள் ஈரமான ஒரு வேதிப்பொருள் உண்டு. மின்மாற்றியின் சூட்டுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் இருந்ததால் அது காய்ந்துவிட்டது. தொட்டி சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. பெட்டி இழுப்பது 0.1 ஆம்பியர். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைவெளி 0.01 நொடி. இரண்டையும் பெருக்கினால் 0.001 கூலூம். அதை 0.001 ஃபாரட்டால் வகுத்தால் 1 வோல்ட் இறக்கம். 15.5 என்பது 14.5 ஆகும், ரெகுலேட்டருக்குப் போதும். ஆனால் 0.0002 ஃபாரட்டால் வகுத்தால் 5 வோல்ட் இறங்கிவிடும்! 10.5 வோல்ட்டை வைத்து அது எப்படி 12 கொடுக்கும்? (உண்மையில் இறக்கம் இதைவிடக் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் போதாது.) ஆக நொடிக்கு 100 முறை மின்சாரம் தொய்கிறது. அந்தத் தொய்வுதான் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்டது.

தாத்தா வாசிப்பது பாரி நாயனம், சுருதி இரண்டு கட்டை. அதற்குக் கீழ் மத்திமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். உறுமலோ 100. மத்திமமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. "பக்கத்துல உக்காந்து ஒருத்தன் அபஸ்வரமா முனகுற மாதிரி இருக்கு" என்று தாத்தா சொன்னது கணக்குப்படியும் சரிதான்!

புதுக் கண்டன்சர் இருபது ரூபாய்க்குள் முடிந்தது. அதே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், ஆனால் 105 டிகிரி வரை சூடு தாங்குவது. பட்டை போட்ட கால் நெகட்டிவ். மாற்றி வைத்தால் வெடிக்கும். மாமா சால்ட்ரிங் வைக்க, நான் டார்ச் பிடித்து மீட்டர் அளவுகளை நோட்டில் எழுதினேன். மூடுவதற்கு முன் ரெகுலேட்டரில் அளந்தோம். 12.0 வோல்ட், ஆடாமல் நின்றது. அந்த ஆவணியில் நான்கு கல்யாணத்துக்கும் அதே பெட்டிதான் போனது.

முக்கியமாக ஒன்று. நண்பர்களே, இதைப் படித்துவிட்டு நீங்களாகப் பெட்டியைத் திறக்காதீர்கள். மின்மாற்றியின் ஒரு பக்கம் 230 வோல்ட், உயிருக்கு ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய டி.வி.யில் இன்னும் மோசம். ஆனால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் பழைய ரேடியோவோ, கீபோர்டோ உறுமினால் பேட்டரி போட்டுக் கேளுங்கள். பேட்டரியில் நன்றாகப் பாடினால், தெரிந்தவரிடம் கொண்டுபோய் "கண்டன்சரை மட்டும் அளந்து பாருங்க அண்ணா" என்று சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் இந்த ஒரு வார்த்தை கேட்பதில் நஷ்டம் இல்லை.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி